பச்சைக் கிளாம்ப்

பார்சல் வந்து ஒன்பது நாளாகியும் கட்டிங்கக்கா அதைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்க நாற்காலியில் தூக்கி வைத்ததோடு சரி. அந்த நாற்காலியில் மூன்று வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை. பெட்டியின் மேல் ஒரு பெண் கண்ணை மூடி ஷவரடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்தால் எதிரே அந்தச் சிரிப்பு. "நனையறதுக்கு இவ்வளவு சந்தோஷமாடி உனக்கு?" என்று அக்கா அவளிடம் கேட்பாள். வீட்டில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

கட்டிங்கக்கா என்ற பெயர் ஆடைத் தொழிற்சாலையில் வந்தது. கட்டிங் செக்‌ஷனில் முப்பது வருஷம். எண்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸ் கோட்டின் மேல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மெஷின் தானாக வெட்டும், தானாகத் திரும்பாது. திருப்புவது தோள். கழுத்து வளைவும் கைக்குழி வளைவுமாக லட்சக்கணக்கில் திருப்பித் திருப்பி, வேலையை விட்ட வருஷமே வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேல் போகாது. தலை வாருவதென்றால் தலையைக் கைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கையோடுதான் அடுப்பிலிருந்து குளியலறைக்கு வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். பதினோரு அடி தூரம். போன மாதம் ஏழாவது அடியில் பாத்திரம் சாய்ந்து இடது பாதம் வெந்துவிட்டது. மகள் வந்து நாலு நாள் இருந்தாள். கிளம்பும்போது காரின் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்.

"இனிமே நீ பாத்திரம் தூக்கக்கூடாதும்மா. நான் ஷவர் ஒண்ணு அனுப்பறேன், தண்ணிய அதுவே சூடாக்கிக் குடுக்கும். ஒழுங்கா ஆளைக் கூப்பிட்டு மாட்டு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். அதுக்குள்ள மாட்டலைன்னா உன் துணிமணியெல்லாம் கார்ல ஏத்திருவேன்."

சொன்னால் செய்கிறவள்தான். ஆனால் மகள் வீட்டில் அக்காவுக்கு இடம் என்பது ஹாலில் கிடக்கும் சோபா. எல்லாரும் டிவி பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் அது கட்டிலாக விரியும். அதுவரைக்கும் தூக்கம் வந்தாலும் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரு பயம்.

இருந்தும் பெட்டியைப் பிரிக்காததற்குக் காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு இடுக்கு உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். அவருக்குப் பேச்சு குறைவு. அந்த இடுக்கில் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் புறங்கையில் ஒரு விரலால் சுண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருப்பார். "சும்மா இருங்க" என்பாள் இவள். முப்பத்திரண்டு வருஷம் இதேதான். ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்த பிறகு, அந்த இடுக்கின் ஓரமாக வாஷிங்மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஈரக் காலோடு மெஷின் மூடியில் கையை ஊன்றியபோது, சுர்ரென்று ஒரு சுண்டு. வலியில்லை. எறும்பு ஓடுவது மாதிரி; அதைவிட, தெரிந்த கை ஒன்று தொட்ட மாதிரி. "சும்மா இருங்க" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் வெகுநேரம் அந்த இடுக்கிலேயே நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை துணி துவைத்தாள். ஒரு ஆளுடைய துணி அவ்வளவு அழுக்காகாது.

ஆள் வந்து வயரையெல்லாம் நோண்டினால் இது தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் நாள் ஓடிவிட்டது. ஞாயிறு வர இரண்டே நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

வந்தவனைத் தெருவில் மீட்டர் என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கரண்ட் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னாலும் நம்பமாட்டான், இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டான்; மஞ்சள் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பான். திறந்தால் மூடமாட்டான்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவன் முதலில் மெயின் போர்டைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யாருக்கா பண்ணது இது?"

"ஏன், என்ன தப்பு?"

"தப்பா? தலை வாரிப் பின்னல் போட்ட மாதிரி இருக்குக்கா. ஒரு வயரு கோணலா இல்ல. ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதிக் கட்டியிருக்கு பாருங்க. 'சமையலறை விளக்கு.' 'படுக்கையறை விசிறி, தள்ளாடும்.' விசிறி தள்ளாடுதுன்னு போர்டுல எழுதி வெச்ச மனுஷனை நான் பாத்ததே இல்ல."

"எங்க வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக்."

"அதான பாத்தேன். லிப்ட்காரங்களுக்குத்தான் இந்தக் கை வரும். கயிறு அறுந்தா என்ன ஆகும்னு யோசிச்சு யோசிச்சே கை நிதானமாயிரும்." மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "சரி. வீட்ல எங்கயாச்சும் ஷாக் அடிக்குதாக்கா? லேசா, விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி? பிரிட்ஜு, மெஷினு?"

"இல்லையே" என்றாள் அக்கா. கெட்டிலில் தண்ணீர் பிடிக்கத் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைப் பிரித்தான். படத்துப் பெண் இரண்டாகக் கிழிந்தாள். உள்ளே ஒரு சோப்புப் பெட்டியைப் பெரிதாக்கிய மாதிரி வெள்ளை டப்பா. மூடியைக் கழற்றி அக்காவுக்குக் காட்டினான்.

"இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லக்கா. இந்தச் சின்ன டேங்குக்குள்ள சுருள் கம்பி. தண்ணி ஒரு பக்கம் உள்ள வரும், கம்பியைத் தொட்டுக்கிட்டே ஓடி இந்தப் பக்கம் சூடா வெளிய போகும். சேத்து வெக்கிற வேலையே கிடையாது. மெதுவா விட்டா நல்லா சூடாகும், வேகமா விட்டா வெதுவெதுப்பு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு நெனச்சுத்தான் பாத்ரூம் லைட் வயர்ல சொருகிட்டுப் போயிடறாங்க. ஓடிப்போற தண்ணிய போற போக்குலயே சூடாக்கணும்னா எவ்வளவு கரண்ட் வேணும்? உங்க பேக்டரியில இஸ்திரிப் பெட்டி இருக்குமில்ல, அதுல எட்டு, ஒம்பது பெட்டியை ஒரே வயர்ல மாட்டினா எப்படி? லைட் வயர் மெழுகுவத்தி மாதிரி உருகிரும். அதனால இதுக்குன்னு தனி வயர்." சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கருப்பு வயர்ச் சுருளை எடுத்துத் தரையில் வைத்தான். "போர்டுல இருந்து ஷவர் வரைக்கும் ஒரே துண்டு. நடுவுல ஒட்டு கிடையாது. தனி பிரேக்கர். கரண்ட் எங்கயாச்சும் கசிஞ்சா, நீங்க கண்ணு இமைக்கறதுக்குள்ள வெட்டி விடற சுவிட்ச் ஒண்ணு. குளிக்கற இடத்துல ஈரக் கையால தொடற சுவிட்சே கிடையாது, கூரையில இருந்து கயிறு தொங்கும், இழுத்தா வரும், இழுத்தா போகும்."

"கயிறு எவ்வளவு உயரத்துல?"

அவன் அவள் தோளைப் பார்த்தான். "உங்க இடுப்பு வரைக்கும் தொங்க விடறேன்க்கா."

மதியம் வரைக்கும் துளை போட்டான். சுவரில் ஒரு மில்லிமீட்டர் கோணல் வந்தால்கூட நிறுத்திவிட்டு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். அக்காவுக்குப் பிடித்திருந்தது. வெட்டுகிறவர்களுக்கு நேர்கோட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு. வீட்டில் ஒரு ஆள் வேலை செய்யும் சத்தமும் பிடித்திருந்தது. மூன்று முட்டை வேகவைத்து, உருளைக்கிழங்கை மிளகுப்பொடி தூவி வறுத்து வைத்தாள். பெட்டி இருந்த நாற்காலி இப்போது காலியாக இருந்தது. அவன் வந்து அதில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மக வராளாக்கா?"

"ஞாயித்துக்கிழமை. ஷவரைப் பாக்க."

"உங்களைப் பாக்க இல்லையா?" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து, உருளைக்கிழங்கைப் புகழ ஆரம்பித்தான்.

சாப்பிட்டு எழுந்து மீட்டரை எடுத்தான். முகம் மாறியது அப்போதுதான். ஒரு முனையைப் போர்டில் வைத்தான், இன்னொரு முனையை வேறொரு இடத்தில் வைத்தான், பாட்டரியை மாற்றினான், திரும்பவும் வைத்தான்.

"அக்கா, உங்க வீட்ல எர்த் இல்லை."

"என்ன இல்லை?"

"எர்த். கரண்ட் போற வழியை விட்டு விலகி, மெஷின் உடம்புல ஏறிடுச்சுன்னு வெச்சுக்குங்க. அது எப்படியாச்சும் மண்ணுக்குப் போகணும்னுதான் பாக்கும். அதுக்கு நாம ஒரு சுலபமான வழி போட்டு வெக்கறோம், இந்தப் பச்சை வயரு. வழி இருந்தா அது பாட்டுக்குப் போயிரும், சுவிட்ச்சும் விழுந்துரும். வழி இல்லன்னா, யாராச்சும் வந்து தொடட்டும்னு காத்துக்கிட்டே உக்காந்திருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் எர்த் போட்டிருக்காரு. என் கண்ணால பாத்திருக்கேன்."

"மீட்டர் இல்லைங்குதே."

"அப்ப உன் மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு தம்பி." அக்காவின் குரல் இறுகியது. "அவர் ஒரு திருகாணியைக்கூட ரெண்டு தடவை பாக்காம விடமாட்டாரு. வா, காட்டறேன்."

கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய். அதன் மேல் ஒரு பித்தளைக் கிளாம்ப், பச்சைப் பெயின்ட் அடித்தது. பச்சை வயர் சுவரிலிருந்து வந்து கிளாம்பில் முறுக்கி இறுக்கியிருந்தது. துரு கிடையாது. மீட்டர் குனிந்து பார்த்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"அந்தக் காலத்துல இப்படித்தான். இரும்புக் குழாய் நேரா மண்ணுக்குள்ள போகும், அதுலயே எர்த்தைக் கட்டிருவாங்க. இப்ப யாரும் பண்றதில்ல. ஆனா சுத்தமான வேலைக்கா." சொல்லிக்கொண்டே குழாயைப் பிடித்து ஆட்டினான்.

குழாய் கையோடு வந்தது.

ஒரு முழம் இரும்பு. இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்த முனை. பின்னால் சுவரோடு ஒட்டி, புதிதாக, வெள்ளையாக, பிளாஸ்டிக் குழாய் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது. இரும்புத் துண்டு அதற்கு முன்னால் இரண்டு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மழை பிளாஸ்டிக் குழாயில் பட்டுத் தெறித்தது.

"குழாய் ஒழுகிச்சு" என்றாள் அக்கா. "அவர் போய் எட்டு மாசம் இருக்கும். குழாய்க்காரர் எல்லாத்தையும் பிளாஸ்டிக்கா மாத்தினாரு. இந்தத் துண்டையும் கழட்டறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். அவர் உக்காந்து பெயின்ட் அடிச்சது அது. வெயில்ல முட்டி போட்டு உக்காந்து அடிச்சாரு. அது பாட்டுக்கு இருக்கட்டுமேன்னு ஆணி அடிச்சு மாட்டச் சொன்னேன்."

மீட்டர் இரும்புத் துண்டை மெதுவாகத் திரும்ப ஆணியில் மாட்டினான். "அவர் பண்ணதுல தப்பில்லக்கா."

"நான் பண்ணதுலதான்."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு ஷவர் மாட்ட முடியாது" என்றான்.

"ஞாயித்துக்கிழமை அவ வந்துருவா தம்பி. ஊர்ல எல்லாரும் எர்த் பாத்துட்டுத்தான் குளிக்கறாங்களா? மாட்டிட்டுப் போ. எதுன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாக்க மாட்டீங்கக்கா. மக வந்து பாப்பா." சொன்ன பிறகு அவனுக்கே கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். விறுவிறென்று உள்ளே போனான். இடுக்கில் நின்று மீட்டரின் ஒரு முனையை வாஷிங்மெஷினின் உடம்பில் வைத்தான், இன்னொரு முனையை ஈரத் தரையில். எண் ஏறி நின்றது.

"நூத்தி எட்டு வோல்ட்டு" என்றான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அக்கா, இதைத் தொட்டா சுர்ருங்கும். காலையில கேட்டேன், இல்லைன்னீங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா ஷாக் அடிக்குது, யார்கிட்டயும் சொல்லல?"

"அடிக்கல. சுண்டும்." அக்கா புறங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் இப்படித்தான் சுண்டுவாரு. இதே இடத்துல. போகும்போதும் வரும்போதும். எனக்கு வேற யாரு தம்பி இருக்காங்க, தொட்டுக் கூப்பிட?"

மீட்டர் கையிலிருந்த மீட்டரை அணைத்தான். பிறகு மெஷின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, ரொம்ப நிதானமாகச் சொன்னான்.

"இந்த மெஷினுக்குள்ள கரண்டைச் சுத்தப்படுத்தறதுக்கு ஒரு சின்னச் சாமான் இருக்குக்கா. அது எப்பவும் துளியூண்டு கசிய விடும். எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிரும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எர்த் போனதால உங்க கை வழியாப் போகுது. அது துளிதான், அதான் சுண்டற மாதிரி இருக்கு. ஆனா வீட்ல இருக்கற பச்சை வயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்தது. ஷவரும் அதுலதான் சேரும். நாளைக்கு அந்தச் சுருள் கம்பி ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா, முழு கரண்டும் இங்க வந்து நிக்கும். அங்க தண்ணியில நிக்கும். அப்ப சுண்டாது. பிடிக்கும். பிடிச்சா விடாது. அது அவர் கை இல்லக்கா."

சமையலறைக்குப் போய்க் கெட்டில் மூடியைத் திறந்து மூடினாள் அக்கா. டீ வேண்டுமா என்று கேட்க நினைத்து, வேறு கேட்டாள். "நாளைக்கு முடிச்சிருவியா?"

"மண்ணுல கம்பி இறக்கணும். காலையில வரேன்."

மீட்டர் கிளம்பும்போது மெயின் போர்டில் மெஷினுக்குப் போகும் பிரேக்கரை அணைத்து, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனான். டேப்பை உரித்துவிடலாம். அக்கா இரண்டு முறை போர்டுப் பக்கம் போனாள். 'வாஷிங்மெஷின் வைத்தால் இங்கே' என்று புருஷன் எழுத்தில் சீட்டு தொங்கியது. மெஷின் வாங்கும் யோசனையே இல்லாதபோது எழுதியது. உரிக்காமல் வந்து படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஆளை விட உயரமான செம்புப் பூச்சுக் கம்பி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு மீட்டர் வந்தான். ஈர மண் நல்லது என்றான், மண் காய்ந்தால் கரண்டுக்கு வழி கிடைக்காது என்றான். சுவரை ஒட்டி, சுத்தியலால் தலையில் அடித்து அடித்து இறக்கினான். அக்கா இடது கையால் கம்பியைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் கம்பி அதிர்ந்து உள்ளங்கை கூசியது. ஒரு சாண் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட்டு மெயினை அணைத்தான். மீட்டரை வைத்து, கரண்ட் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டான்.

"பழைய கிளாம்ப்ல இருந்து வயரை எடுக்கணும்க்கா. இதுல புது வயரைச் சேத்து இந்தக் கம்பிக்குக் கொண்டு வரணும்."

"கிளாம்ப்பை இதுல போட முடியாதா?"

"வாய் பெருசு. கம்பி ஒல்லி. பிடிக்காது."

அவன் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினான். அக்கா கையை நீட்டினாள்.

"குடு. வெட்டறது என் வேலை."

இடது கைக்கு அது பழக்கமில்லை. கிளாம்பை ஒட்டி, புருஷன் முறுக்கின முறுக்குக்கு ஒரு நூல் கீழே, கட்டரின் வாயை வைத்தாள். கோட்டின் மேல் வைக்கிறவளுக்குக் குறி தப்பக்கூடாது. தப்பவில்லை. டக்கென்று வெட்டுப்பட்டது. வயர் விலகி நின்றது. முறுக்கு கிளாம்பிலேயே இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மீட்டர் சரியென்று சொன்னது. குழாயைத் திறந்து, முதலில் மண்ணும் தூளும் போகும்வரை வாளியில் தண்ணீர் விட்டு, பிறகுதான் ஷவரைக் கோத்தான். சூட்டை உடனே போடவில்லை.

"முதல்ல பச்சைத் தண்ணி ஓடி டேங்க் நிரம்பணும். காலி டேங்க்ல கரண்ட் விட்டா கம்பி கருகிரும். ம்ம், இப்ப இழுங்க கயிறை."

இடுப்பு உயரத்தில் தொங்கிய கயிற்றை அக்கா இழுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஷவரிலிருந்து ஆவி எழும்ப ஆரம்பித்தது. போர்டில் ஒரு சின்ன பொத்தானைக் காட்டினான். "மாசம் ஒரு தடவை இதை அழுத்துங்க. டப்புனு விழணும். விழலைன்னா குளிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க. சும்மாவும் கூப்பிடலாம்க்கா. உருளைக்கிழங்கு வறுத்தீங்கன்னா."

அவன் போன பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

"மாட்டியாச்சா? எர்த் எல்லாம் பாத்தாரா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"அப்பாடா." மகளின் பக்கத்தில் டிவி சத்தம். "நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன். அப்ப நாளைக்கு நான் வர வேண்டியதில்லல்லம்மா? இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு. அடுத்த மாசம் பாக்கறேன், சரியா?"

மேசையில் ஆறு முட்டை இருந்தது. நாளைக்கென்று வாங்கி வைத்தது.

"சரிடா" என்றாள் அக்கா. "நீ அலைய வேண்டாம்."

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே குளித்தாள். தலையைத் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் தலைக்கு வந்தது. இறுகின தோளில் சூடு விழுந்து விழுந்து, கை கொஞ்சம் மேலே ஏறியது. காது வரைக்கும். காதுக்கு ஒரு விரல் மேலே. பாத்திரத் தண்ணீர் தீர்ந்துவிடும்; இது தீரவில்லை. போதும் என்று அவளாகத்தான் கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது.

துவட்டிக்கொண்டு, ஈரக் காலோடு இடுக்குக்கு வந்தாள். மெஷின் பிரேக்கரை மீட்டர் போட்டுவிட்டுத்தான் போயிருந்தான். மூடியின் மேல் புறங்கையை வைத்தாள்.

ஒன்றுமில்லை. வெறும் தகரம், சில்லென்று.

கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தாள். அவள் கைச்சூடு ஏறித் தகரம் வெதுவெதுப்பாகும் வரை வைத்திருந்தாள். காலடியில் தண்ணீர் சொட்டித் தேங்கியது.

"எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், சும்மா இருங்கன்னு" என்றாள். "இன்னைக்குத்தான் கேக்கணுமா?"